இடது கை மட்டும் ஆறியது

நீங்கள் அனுப்பிவைத்த ஆராய்ச்சித் திட்டத்தை முழுவதும் படித்தேன். நல்ல காகிதம், நல்ல அச்சு, பின்னால் பக்கம் பக்கமாக நோயாளிகளிடம் கேட்க வேண்டிய கேள்விகள். மென்சருமக்காரர்களுக்குப் புதுக் களிம்பு ஒன்றைக் கொடுத்துப் பார்க்கப் போகிறீர்களாம். சந்தோஷம். ஓய்வுபெற்றுக் காட்டூரில் உட்கார்ந்திருக்கும் கிழவியிடம், "உங்க அனுபவத்துலேர்ந்து ரெண்டு வார்த்தை எழுதிக் கொடுங்க மேடம்" என்று கேட்டதற்கும் சந்தோஷம். ரெண்டு வார்த்தையில் எனக்கு எதையும் சொல்ல வராது. என்னோடு வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் அது தெரியும். உங்களுக்கும் இப்போது தெரிந்துவிடும்.

மருந்தின் அளவு, கணக்கு, அட்டவணை இதெல்லாம் உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அந்தப் பக்கமே நான் போகப்போவதில்லை. ஒரு டீச்சரின் வலது கையைப் பற்றி மட்டும் சொல்கிறேன். நல்லபடியாக முடிந்த விஷயம்தான், பயப்பட வேண்டாம். ஆனால் எவ்வளவு கிட்டத்தில் போய்த் தப்பித்தோம் என்று நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பதறுகிறது. பிறகு உடனே ஒரு நிம்மதியும் வருகிறது.

அறுபதுகளின் தொடக்கம் அது. திருச்சியில் ஓர் ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் நான் உதவி டாக்டர். படிப்பை முடித்துவிட்டு வந்த புதிது. எதைக் கேட்டாலும் பதில் தயாராக இருக்கும், அதைவிடத் தயாராகக் கோபம் இருக்கும். பிரிவின் தலைவரை நாங்கள் சீஃப் என்போம். பெயரைச் சொல்ல மாட்டேன், அவருக்கு அது பிடிக்காது. ஒல்லியான மனிதர், மெல்லிய குரல். நோயாளியின் கையைத் தன் உள்ளங்கையில் வாங்கி வைத்துக்கொண்டுதான் பேச ஆரம்பிப்பார். தோல் வியாதிக்காரர்களைத் தள்ளி நிற்கவைத்தே மருந்து எழுதிக் கொடுத்த டாக்டர்கள் அந்தக் காலத்தில் நிறையப் பேர். எங்கள் சீஃப் தொடுவார். அதற்காகவே அவரைத் தேடி வந்த கூட்டம் பெரிது.

வந்தவர்களில் பெரும்பாலோருக்குக் கையில் கரப்பான், தோல் சிவந்து அரித்து வெடிக்கும் நோய். தொட்டியம் பக்கத்திலிருந்து வாழைக்கறை பட்டுப் பட்டுக் கை வெடித்த விவசாயிகள் வருவார்கள். மருங்காபுரிப் பக்கம் மழை பொய்த்ததால் டவுனில் சிமெண்டு வேலைக்கு வந்து விரலெல்லாம் புண்ணானவர்கள் வருவார்கள். சாம்பலும் சோடா உப்பும் போட்டுப் பாத்திரம் தேய்த்துத் தேய்த்துத் தோல் உரிந்த பெண்கள் வருவார்கள். ஒரே வேலையைச் செய்யும் பத்துப் பேரில் ஒருவருக்கு மட்டும் இப்படி ஆகும். மென்சருமம் என்ற சொல்லெல்லாம் எங்களுக்கு அப்போது தெரியாது. "உங்களுக்கு ஒத்துக்காத தோல்" என்று சொல்வோம். அவர்களும் தலையாட்டிவிட்டுப் போவார்கள்.

இதற்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு களிம்பு. தாரும் துத்தநாகமும் கலந்து எங்கள் கம்பவுண்டர் கையாலேயே கிண்டிக் கொடுப்பது. மலிவு, இலவசமாகவே கொடுத்துவிடலாம். அந்தச் சமயத்தில்தான் மெட்ராஸிலிருந்து ஒரு மருந்துக் கம்பெனிக்காரர் புதுக் களிம்பு ஒன்றைக் கொண்டுவந்தார். விலை அதிகம். பழையதைவிட இது நல்லதுதானா என்று எங்கள் நோயாளிகளிடம் பார்த்துச் சொல்லுங்கள் என்று கேட்டார். நல்லது என்று நாங்கள் சொல்லிவிட்டால் மற்ற ஆஸ்பத்திரிகளும் பழையதை விட்டுவிட்டு இதற்கு மாறும். அதனால் சீஃப் மிகவும் யோசித்துத்தான் ஒப்புக்கொண்டார்.

ஏற்பாடு இதுதான். இரண்டு கையிலும் கரப்பான் உள்ளவர்களை மட்டும் எடுத்துக்கொள்வது. ஒரு கைக்குப் பழைய களிம்பு, மற்றொரு கைக்குப் புதியது. இரண்டையும் ஒரே நிறத்தில், ஒரே வாசனையில் கம்பவுண்டர் கலந்து கொடுப்பார். சிவப்பு மூடி போட்ட டப்பா இடது கைக்கு, பச்சை மூடி போட்டது வலது கைக்கு. எல்லோருக்கும் அப்படியே. ஆளுக்கு ஆள் மாற்றிக் கொடுத்தால் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் குழம்பிவிடுவார்கள் என்று சீஃப் நினைத்தார். எந்த மூடியில் எந்தக் களிம்பு என்பது அவருக்கும் கம்பவுண்டருக்கும் மட்டும் தெரியும். கையைப் பார்த்து ஆறியதா இல்லையா என்று சொல்ல வேண்டிய எனக்குத் தெரியாது.

தடவும் நேரத்தையும் சீஃப்தான் முடிவு செய்தார். எங்கள் நோயாளிகள் வீட்டில் கடிகாரம் கிடையாது. சாப்பாட்டு வேளைதான் அவர்களுக்குக் கடிகாரம். சாப்பிட்ட பிறகு என்று சொன்னால் கண்ணயர்ந்து மறந்துவிடுவார்கள். அதனால், "மூன்று வேளையும் சாப்பாட்டுக்கு முன்னால் தடவ வேண்டும்" என்று சொல்லச் சொன்னார். நான் ஒவ்வொருவரையும் உட்காரவைத்து, கிளிப்பிள்ளைக்குச் சொல்வதுபோலச் சொல்லி, திருப்பிச் சொல்லவைத்து அனுப்பினேன். இப்போது உங்களுக்குச் சிரிப்பு வருகிறதா? வரவில்லை என்றால் நீங்களும் எங்கள் கட்சிதான்.

அந்த நோயாளிகளில் ஒருத்திதான் வைதேகி. ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அப்பா காலமாகிவிட்டார். அம்மா, படிக்கிற தம்பி, இவள். இவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அவளுக்கு இரண்டு கையும் வெடித்துச் சிவந்து செதில் செதிலாக உதிர்ந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூடத்தில் அவள் தொட்ட நோட்டைப் பிள்ளைகள் விரல் நுனியால் வாங்கினார்கள். கூட வேலை பார்த்த டீச்சர்கள் அவள் எடுத்த தம்ளரைத் தனியாக வைத்தார்கள். "இது பெருநோயா இருக்குமோ" என்று யாரோ பெற்றோர் கேட்டுவிட, பள்ளிக்கூடத்து செக்ரட்டரி அவளை லீவில் போகச் சொல்லிவிட்டார். கை குணமாகிவிடும், யாருக்கும் ஒட்டாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் கோடை லீவு முடிந்து பள்ளி திறக்கும்போது வரலாம், இல்லையென்றால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்றார். அவளும் நானும் ஏறக்குறைய ஒரே வயது. கையைக் காட்டும்போது அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். எனக்கு மனசு கேட்காது.

வாரங்கள் ஓடின. எனக்கே நம்ப முடியவில்லை. வந்தவர்களுடைய இடது கையெல்லாம் ஆறிக்கொண்டே வந்தது. வலது கை மட்டும் அப்படியே இருந்தது. வைதேகிக்கும் அப்படித்தான். இடது கை சாதாரணக் கையாகிவிட்டது, வலது கை வெடித்தபடியே. கோடை தொடங்கியதும் சீஃப் ரகசியத்தை உடைத்தார். சிவப்பு மூடியில் இருந்தது புதுக் களிம்பு. அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததே இல்லை. இத்தனை வருஷமாக ஏழைகளுக்கு வேலைக்கு ஆகாத களிம்பைக் கிண்டிக் கொடுத்துக்கொண்டிருந்தோமே என்று வருத்தமும் பட்டார். கம்பெனிக்காரர் அடுத்த மாதம் வருவதாகத் தந்தி கொடுத்தார்.

நல்லது, அப்படியென்றால் வைதேகியின் வலது கைக்கும் புதுக் களிம்பையே கொடுத்துவிடலாம் என்று கொடுத்தோம். நானே அவளிடம் "இனி கவலையே படாதீங்க" என்று சொல்லி அனுப்பினேன். வலது கை ஆறவில்லை. இன்னும் கொஞ்ச நாள் பொறுத்துப் பார்த்தோம். ஆறவில்லை. இடது கையை ஆற்றிய மருந்து வலது கையை ஏன் ஆற்றவில்லை? சீஃபால் ஒரே முடிவுக்குத்தான் வர முடிந்தது. வலது கையில் சாக்பீஸ் பிடிக்கிறாள், அந்தத் தூள் அவள் தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வருஷக்கணக்கில் பிடித்துப் பிடித்து இனி மருந்துக்கு அடங்காத நிலைக்குப் போய்விட்டது. ஒட்டும் வியாதி இல்லைதான். ஆனால் கரும்பலகை வேலைக்கு லாயக்கில்லை என்று எழுதிக் கொடுப்பதுதான் நேர்மை என்றார். எழுதியும் விட்டார். வெள்ளிக்கிழமை அவள் வரும்போது கொடுப்பதாக ஏற்பாடு. அவளுக்கு அதை எப்படிச் சொல்வது என்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எதிர்த்துச் சொல்லவும் என்னிடம் ஒரு காரணமும் இல்லை.

இந்த இடத்தில்தான் பெரியசாமி வருகிறார். தொட்டியத்துக்கு அந்தப் பக்கம் வாழை போட்டிருந்த விவசாயி. ஆராய்ச்சியில் இருந்த அத்தனை பேரிலும் அவர் ஒருவருக்கு மட்டும் எல்லாம் தலைகீழ். அவருடைய வலது கை பளிச்சென்று ஆறிவிட்டது. இடது கை அப்படியே இருந்தது. சீஃப் அவர் பெயரைப் பார்த்தார், சிரித்தார். "டப்பாவை மாத்திப் போட்டிருக்கார். இவரை விட்டுடலாம்" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. டப்பா பாடம் நடத்தியது நான். பெரியசாமியிடம் ஒரு தடவைக்கு நாலு தடவை கேட்டு, சிவப்பு எந்தக் கை, பச்சை எந்தக் கை என்று ஒப்பிக்கவைத்து அனுப்பியவள் நான். அவர் மாற்றிப் போட்டார் என்றால் நான் சரியாகச் சொல்லிக் கொடுக்கவில்லை என்றுதானே அர்த்தம்? அறிவியல் ஆர்வத்தால் நான் அவரைக் கூப்பிட்டனுப்பினேன் என்று நினைத்துவிடாதீர்கள். ரோஷம். வெறும் ரோஷம். சில சமயம் அதுவும் உபயோகப்படுகிறது.

வியாழக்கிழமை மதியம் பெரியசாமி வந்தார். டப்பாக்களோடு வரச் சொல்லியிருந்தேன். வீட்டில் எப்படித் தடவுகிறீர்களோ அப்படியே என் எதிரில் தடவிக் காட்டுங்கள் என்றேன். மனிதர் பெஞ்சில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சிவப்பு மூடியைத் திறந்து இடது கையில் பூசினார். பச்சை மூடியைத் திறந்து வலது கையில் பூசினார். ஒரு தப்பும் இல்லை. என் மானம் பிழைத்தது. ஆனால் புதிர் பெரிதானது. மாற்றிப் போடாத மனிதருக்கு ஏன் மாற்றி ஆறியது?

போகச் சொன்னேன். அவர் வெளியே வராந்தாவில் கட்டுச்சோற்றை எடுத்தார். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது போலிருக்கிறது. நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே நின்றேன், வேறு காரணம் இல்லை, என்ன செய்வதென்று தெரியாமல்தான். குழாயடிக்குப் போனார். சற்று முன் என் எதிரில் சிவப்புக் களிம்பு பூசிய இடது கையை மட்டும் நன்றாகத் தேய்த்துக் கழுவினார். வலது கையைத் தொடவில்லை. திரும்பி வந்து, யாரும் பார்க்காதபடி சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டு, இடது கையால் சாப்பிட ஆரம்பித்தார். களிம்பு பூசிய வலது கை மடியில் சும்மா கிடந்தது.

நான் வெளியே போனேன். என்னைப் பார்த்ததும் மனிதர் கூனிக்குறுகிப் போனார். இலையை மூடினார்.

"அம்மா, வெளிய சொல்லிராதீங்க. எனக்குச் சோத்தாங்கை இதுதாங்க. சின்னப் பிள்ளையில அடிச்சுப் பார்த்தாங்க, சூடு கூட வச்சாங்க, மாறலைங்க. இதுக்காவே நான் கல்யாணம் காட்சின்னு பந்தியில உக்கார்றதில்லைங்க."

அதில் ஒரு தப்பும் இல்லை, நீங்கள் சாப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டேன். இப்போதுதானே மருந்து போட்டீர்கள், உடனே கழுவிவிட்டீர்களே?

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். டாக்டருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்திருப்பார்.

"நீங்கதானேம்மா சாப்பாட்டுக்கு முன்னாடி போடச் சொன்னீங்க? போட்டேன். மருந்துக் கையோட எப்படிம்மா சோறு திங்கிறது?"

உள்ளே ஓடி, அன்றைக்கு ஓ.பி.யில் காத்திருந்த எங்கள் ஆராய்ச்சி நோயாளிகள் ஒவ்வொருவரிடமும் அதே கேள்வியைக் கேட்டேன். எல்லோரும் அதே பதிலைத்தான் சொன்னார்கள். சிலர் சிரித்தார்கள். மூன்று வேளையும் சொன்ன சொல் தவறாமல் தடவியிருக்கிறார்கள். தடவிய கையோடு வலது கையைக் கழுவியிருக்கிறார்கள், சாப்பிட. அதுவும் வெறும் தண்ணீரில் அல்ல, களிம்பு வழுக்கும் என்று சோப்புப் போட்டு, சீயக்காய் போட்டு. கரப்பான் வந்த தோலுக்குச் சோப்பைவிட எதிரி உண்டா? வலது கைக்கு மருந்தும் போய்ச் சேரவில்லை, கூடவே தினமும் மூன்று வேளை கெடுதலும் நடந்திருக்கிறது. இடது கைக் களிம்பை அவர்களில் யாரும் கழுவவில்லை. அது பாட்டுக்குத் தோலில் ஊறி வேலை செய்திருக்கிறது. பெரியசாமியின் வலது கையை ஆற்றியது நாங்கள் தூக்கிப் போடவிருந்த பழைய களிம்பு.

சீஃப் மேஜையில் கம்பெனிக்காரருக்குக் கொடுக்க வேண்டிய அறிக்கை இருந்தது. அதன்மேல் வைதேகியின் சான்றிதழ். நான் மூச்சு வாங்கச் சொல்லி முடித்தேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவமானப்படுவார் என்று பயந்தேன். அவர் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இத்தனை வருஷமாக அதே கையால் தயிர் சாதம் பிசைந்து சாப்பிடுகிறவர்தானே அவரும். பிறகு சொன்னார்:

"நாம களிம்பைப் பரிசோதிக்கலைம்மா. எந்தக் கையால சாப்பிடறாங்கன்னு பரிசோதிச்சிருக்கோம்."

சொல்லிவிட்டு வைதேகியின் சான்றிதழை எடுத்து இரண்டாகக் கிழித்தார். அவர் முகத்தில் இருந்தது வெட்கம் இல்லை, நிம்மதி. ஒரு பெண்ணின் பிழைப்பில் மண்ணைப் போட இருந்தோம், ஒரு நாள் முன்னதாகத் தெரிந்ததே என்ற நிம்மதி. எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க அலமாரியைத் திறந்து எதையோ தேடினேன்.

மறுநாள் வைதேகி வந்தாள். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, வேலை போய்விட்டது என்ற முடிவோடுதான் வந்திருந்தாள். நான் கேட்டதும் அவள் தயங்கவே இல்லை.

"தடவிண்டேன் டாக்டர். ஒரு வேளைகூட விடலை. ஆனா ஆத்துல நான்தான் தளிகை பண்ணணும். பெருமாளுக்கு அமுது காட்டணும். சாயங்காலம் சேவிக்கப் போனா இந்தக் கையிலதான் தீர்த்தம் வாங்கிக்கணும். மருந்தோட முடியுமா? வலது கையை அலம்பிண்டுடுவேன்."

ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று சீஃப் கேட்டார். குற்றம் சாட்டும் குரலில் இல்லை, தெரிந்துகொள்ள. அவள் ரொம்பப் பணிவாகச் சொன்னாள்: "தடவிண்டியான்னுதான் கேட்டேள். எவ்வளவு நாழி வெச்சுண்டேன்னு கேக்கலையே."

பிள்ளைகளே, உங்கள் கேள்விப் பட்டியலைத் திருப்பிப் பாருங்கள். "மருந்து தடவினீர்களா, ஆம் அல்லது இல்லை" என்று ஒரு கேள்வி இருக்கிறது. அதைப் படித்ததும்தான் இந்தக் கதையை எழுத உட்கார்ந்தேன். நோயாளிகள் பொய் சொல்வார்கள் என்று நமக்குச் சொல்லித் தருகிறார்கள். என் அனுபவத்தில் அவர்கள் பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்வார்கள், கேட்ட கேள்விக்கு மட்டும். கேட்காத கேள்விக்கு அவர்கள் ஏன் பதில் சொல்ல வேண்டும்? டாக்டர் ஒன்றைச் சொன்னால் அதில் காரணம் இருக்கும் என்று நம்பிவிடுகிறார்கள். அந்த நம்பிக்கைக்கு நாம் தகுதியாக இருந்தாக வேண்டும்.

ஆனால் சிக்கல் தீரவில்லை. சான்றிதழைக் கிழித்தாகிவிட்டது, புதிதாக என்ன எழுதுவது? குணமாகிவிடும் என்று எழுதச் சொல்லி நான் கெஞ்சினேன். சீஃப் மறுத்துவிட்டார். அவள் வலது கைக்கு மருந்தே போகவில்லை என்பதுதான் நமக்குத் தெரியும், போனால் ஆறும் என்பது இன்னும் தெரியாது என்றார். ஆசைப்படுவதை எழுதிக் கொடுத்தால் நேற்றுச் செய்த தப்பையே வேறு மாதிரிச் செய்கிறோம் என்றும் சொன்னார். அப்போது எனக்கு அவர்மேல் கோபம் வந்தது. யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம். நல்ல செய்தி சொல்ல வேண்டும் என்ற அவசரத்தில் நாம் தப்பு செய்வது அதிகம்.

எழுதுவதற்குப் பதிலாக அவர் செய்தது இது. பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்குப் போனார், என்னையும் அழைத்துக்கொண்டு. பள்ளிக்கூடத்து செக்ரட்டரி தெற்குப் பக்கத்து வீதி ஒன்றில் இருந்தார். பன்னிரண்டு திருமண் இட்டுக்கொண்ட பெரியவர், கறாரான ஆள் என்று கேள்வி. சீஃப் எதையும் மறைக்கவில்லை. நாங்கள் சொல்லிக் கொடுத்ததில் தவறு, அந்தப் பெண்ணின் வலது கைக்கு இதுவரை வைத்தியமே நடக்கவில்லை, இன்றுதான் ஆரம்பிக்கிறோம், பள்ளி திறக்கும்வரை இடத்தை யாருக்கும் கொடுக்காதீர்கள், அதற்குள் உங்களுக்கு நேராகவே தெரியும் என்றார். ஒட்டுமா என்ற கேள்விக்கு மட்டும் ஒட்டாது, ஒட்டவே ஒட்டாது என்று அழுத்தமாகச் சொன்னார்.

பெரியவர் உடனே இறங்கி வரவில்லை. "நீங்க சொன்னா சரிதான் டாக்டர். ஆனா நாளைக்கு ஒரு குழந்தைக்கு ஏதாவது வந்துடுத்துன்னா பெத்தவாளுக்கு நான்னா பதில் சொல்லணும்" என்றார். அவரைக் கொடுமைக்காரர் என்று எழுதிவிட்டுப் போவது சுலபம். அவர் அப்படி இல்லை. பயந்தவர், அவ்வளவுதான். அவர் பயத்துக்கும் மரியாதை கொடுத்து சீஃப் பேசினார். தன் தப்பைத் தானே வந்து ஒப்புக்கொண்ட டாக்டரை அவர் அதற்கு முன் பார்த்திருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். கடைசியில் பள்ளி திறக்கும்வரை பொறுப்பதாக ஒப்புக்கொண்டார். பாலம் தாண்டித் திரும்பி வரும்போது சீஃப் பஸ்ஸிலேயே தூங்கிவிட்டார்.

வைத்தியம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு வார்த்தையை மாற்றினோம். சாப்பாட்டுக்கு முன் என்பது சாப்பாட்டுக்குப் பின் ஆயிற்று. சமையலை அம்மா பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். மதியம் சாப்பிட்டுக் கையை அலம்பியதும் களிம்பு, கோயிலுக்குக் கிளம்பும்வரை அதைத் தொடக்கூடாது. ராத்திரி சாப்பிட்டானதும் மறுபடி களிம்பு, மேலே பழைய வேஷ்டித் துணியால் ஒரு சுற்று. சோப்பு கூடாது, கடலை மாவு போதும். ஸ்பூனால் சாப்பிட்டுப் பாருங்களேன் என்று நான் ஒருமுறை சொன்னேன். அவள் பார்த்த பார்வையில் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிட்டேன். களிம்பில் பழையதையே கொடுத்தார் சீஃப். புதியதைக் கொடுக்கும்படி நான் சண்டை போட்டேன். பெரியசாமியின் வலது கையை மறந்துவிட்டீர்களா என்று கேட்டு என் வாயை அடைத்தார்.

முதல் வாரம் ஒன்றும் தெரியவில்லை. நான் தினமும் பெருமாளை வேண்டிக்கொண்டேன், கோயிலுக்கே போகாதவள். இரண்டாவது வாரம் சிவப்பு குறைந்தது. பிறகு வெடிப்புகள் ஒவ்வொன்றாக மூடின. வைகாசி கடைசியில் அவள் இரண்டு கையையும் மேஜைமேல் வைத்தபோது, எது நோயாக இருந்த கை என்று சீஃப் ஒரு கணம் தடுமாறினார். பிறகு அந்தக் கையைத் தன் உள்ளங்கையில் எடுத்து வைத்துக்கொண்டு, இப்போதுதான் எழுத முடியும் என்று சொல்லி எழுதிக் கொடுத்தார். அவள் முதல் தடவையாக முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தாள். பள்ளி திறந்த அன்று வேலையில் சேர்ந்தாள்.

ஆராய்ச்சியை மறுபடி முதலிலிருந்து செய்தோம். இந்தத் தடவை எந்தக் கைக்கு எந்தக் களிம்பு என்பதைக் குலுக்கிப் போட்டு ஆளுக்கு ஆள் மாற்றினோம். குழம்பிவிடுவார்கள் என்று சீஃப் பயந்ததெல்லாம் வீண், ஒருவரும் குழம்பவில்லை. முடிவு? புதுக் களிம்பு கொஞ்சம் சீக்கிரம் ஆற்றியது. பழையது கொஞ்சம் மெதுவாக, ஆனால் ஆற்றியது. பெரிய வித்தியாசம் இல்லை. கம்பெனிக்காரருக்கு முகம் சுருங்கிவிட்டது. எங்களுக்குக் கொண்டாட்டம். எங்கள் கம்பவுண்டர் கிண்டும் களிம்பு வேலைக்கு ஆகாதது இல்லை என்று தெரிந்ததில் அவரைவிட நான்தான் அதிகம் சந்தோஷப்பட்டேன். பெரியசாமிக்கு மட்டும் சீஃப் தன் கையாலேயே ஒரு டப்பா நிரப்பிக் கொடுத்து, சோத்தாங்கைக்கு என்று சொல்லி இடது கையைத் தொட்டுக் காட்டினார். மனிதர் வெட்கப்பட்டுச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எத்தனையோ ஆராய்ச்சி செய்திருக்கிறேன். கணக்கில் ஒத்துவராத ஒரு ஆள் வந்தால் எனக்கு இப்போதும் பெரியசாமி ஞாபகம்தான். அவரை விலக்கிவிடலாம் என்று உங்களில் யாராவது சொன்னால் நான் கோபப்படுவேன், முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். ஒத்துவராதவரை முதலில் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவர் எப்படிச் சாப்பிடுகிறார், எப்படிக் குளிக்கிறார், எதற்கு வெட்கப்படுகிறார் என்று கேளுங்கள். நீங்கள் பரிசோதிக்கும் தோல், நாள் முழுக்க ஒரு வீட்டுக்குள் வாழ்கிற மனிதருடைய தோல்.

புரட்டாசியில் பள்ளிக்கூடத்து சரஸ்வதி பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சீஃப் இதற்கெல்லாம் போகிறவர் இல்லை, அன்றைக்கு வந்தார். பூஜை முடிந்து பிள்ளைகள் வரிசையில் நின்றார்கள். உருளி நிறையச் சுண்டல். அதை வைதேகிதான் கரண்டி இல்லாமல் கையாலேயே அள்ளி அள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் முட்டி மோதிக்கொண்டு கையை நீட்டினார்கள். பிறகு டீச்சர்கள் வாங்கினார்கள். பிறகு செக்ரட்டரி வந்தார். நானும் சீஃபும் பேச்சை நிறுத்திவிட்டோம். பெரியவர் எங்களைக் கவனிக்கவே இல்லை. உத்தரீயத்தை இடது கையால் ஒதுக்கிக்கொண்டு வலது உள்ளங்கையைக் குழித்து நீட்டினார். அவள் போட்டதை அப்படியே வாயில் போட்டு மென்றார்.

"வைதேகி, காரம் கொஞ்சம் தூக்கல்மா. அடுத்த வருஷம் மிளகாயைக் குறைச்சுக்கோ."

சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போய்விட்டார். சீஃப் என்னைப் பார்த்தார், நான் சீஃபைப் பார்த்தேன். அடுத்த வருஷம் என்று அவர் சொன்னது எங்கள் காதில் விழுந்த மாதிரியே அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். ஒரு கணம் அவள் கை உருளியிலேயே நின்றது. பிறகு, "சரி சார்" என்று சொல்லிவிட்டு, அடுத்து நீட்டிய கைக்குச் சுண்டலை அள்ளினாள்.